பழைய சிறிய காரில் கிளட்ச் ஃபோர்க் மாற்றுதல்
கடலூரின் உப்புக்காற்றில் ஆண்டுக்கணக்கில் ஓடிய மாருதி 800 போன்ற கார்களில், பெடலை முழுதும் மிதித்தும் கியர் கரகரத்தால், முதலில் கிளட்ச் கேபிளைச் சோதியுங்கள். அது சரியாக இருந்தும் கோளாறு நீடித்தால், பெடலின் விசையைக் கிளட்சுக்குக் கடத்தும் கவை வடிவ நெம்புகோலான ஃபோர்க் வளைந்தோ விரிசல் விட்டோ இருக்கலாம்.

பேட்டரி இணைப்பைக் கழற்றி, காரை ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கியர் ஆயிலை வடித்து, கேபிள், ஸ்டார்ட்டர், டிரைவ் ஷாஃப்டுகள் ஆகியவற்றை விடுவித்து, எஞ்சினுக்கு முட்டுக் கொடுத்த பிறகே கியர்பாக்ஸை இறக்க வேண்டும்.

ஃபோர்க் உராயும் இடங்களில் துருவை நீக்கி, கிரீஸை மெல்லியதாகவே தடவுங்கள். மிகுந்தால் அது கிளட்ச் தட்டில் தெறித்து, கிளட்ச் வழுக்கத் தொடங்கும். ஃபோர்க் தள்ளும் ரிலீஸ் பேரிங்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள்; பின்னர் அதற்காக மட்டும் மீண்டும் கியர்பாக்ஸை இறக்குவது பெரும் வீண்செலவு. மாட்டியபின் ஆயில் நிரப்பி, பெடலில் சிறிதளவு தளர்வு இருக்கும்படி கேபிளைச் சரிசெய்யுங்கள்.