கோடையில் ஏரி மீன்: பூண்டி, புழல் பக்கம் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

ஏப்ரல் 15 பிறந்தால் விசைப்படகுகள் கரையேறிவிடும். ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்டாலே தலை சுற்றும். சென்னையில் பாதிப் பேருக்கு ஏரி மீன் ஞாபகம் வருவதே அப்போதுதான். பரணில் கிடந்த தூண்டில் கழியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பூண்டி, சோழவரம், புழல் என்று வடக்கே கிளம்பிவிடுவார்கள். தண்ணீர் வற்றி மீனெல்லாம் ஒரே இடத்தில் கிடக்கும், போட்டவுடன் கடிக்கும் என்று நினைப்பு. மதியம் வரை காய்ந்துவிட்டு வெறும் பையோடு திரும்பும்போது பழி இரை மேல் விழும், அடுத்த வாரம் மைதா மாவில் வெண்ணிலா எசன்ஸ், ஏலக்காய் எல்லாம் சேர ஆரம்பிக்கும். கோடையில் இரைக்கு மூன்றாவது இடம்தான் கொடுப்பேன். முதலில் நேரம், அடுத்தது காற்று.

கிளம்பும் முன் ஒரு விஷயம். இவை ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற ஏரிகள், எல்லா இடத்திலும் இறங்க விடமாட்டார்கள். மீன்பிடி உரிமையும் பெரும்பாலும் குத்தகைக்கோ சங்கத்துக்கோ போயிருக்கும். கரையில் வலை உலர்த்திக்கொண்டிருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். "வேணாம்பா" என்றால் வாதாடாமல் கிளம்பிவிடுங்கள். "அந்த ஓரமாப் போடு" என்று சொன்னாலோ, நீங்கள் இரண்டு மணி நேரம் தேடியிருக்க வேண்டிய இடத்தையே அவர் காட்டிக் கொடுத்துவிட்டார்.

சரி, நேரத்துக்கு வருவோம். 25 டிகிரியில் இருக்கும் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் பிடித்து வைத்துக்கொள்ளும், 35 டிகிரிக்குப் போனால் 7-தான். அந்தச் சூட்டில் மீனுக்கோ மூச்சுக்கு இன்னும் அதிகமாக வேண்டும். இது போதாதென்று பகலெல்லாம் ஆக்சிஜன் கொடுக்கும் பாசியும் செடியும் ராத்திரியில் அதையே இழுத்துக்கொள்ளும். அதனால் ஒரு நாளில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன், நிறைய இருப்பது பிற்பகலில். "விடியக்காலை போனாத்தான் மீன்" என்று காலங்காலமாகச் சொல்வது கோடையில், அதுவும் பாசி மண்டிய ஏரியில், எல்லா மீனுக்கும் பொருந்தாது. கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தால் தீனி தேடுகிறது என்று நினைத்துக் குஷியாகிவிடாதீர்கள். மூச்சுக்குத் தவிக்கிறது. அந்த நேரத்தில் அதன் மூக்குக்கு நேராக எதைக் கொண்டுபோய் வைத்தாலும் தொடாது.

விராலுக்கு மட்டும் இந்தக் கணக்குக் கிடையாது. அது மேலே வந்து காற்றையே நேராகக் குடிக்கும், குரவையும் பனையேறிக் கெண்டையும் அப்படித்தான். ஆகவே இருட்டு பிரியும் நேரம் விராலுக்கு. தாமரை இலை, ஆகாயத்தாமரை, கோரை ஓரம் பாருங்கள். "க்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு சுழி, அவ்வளவுதான், ஆள் அங்கே இருக்கிறான். ரப்பர் தவளையை அந்தச் சுழிக்கு மேல் போடாமல் இரண்டடி தள்ளி இலை மேலேயே போட்டு, மெதுவாக இழுத்துத் தண்ணீரில் விழவிட்டு, ஒரு நொடி நிறுத்தி மறுபடி இழுங்கள். தண்ணீர் தெறித்ததும் கை தானாக வெட்டி இழுக்கப் பார்க்கும். விடாதீர்கள், விரால் தவளையைக் கவ்வி உள்ளே திருப்புவதற்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும். தூண்டில் நரம்பில் கனம் தெரிந்த பிறகு பலமாக ஒரே வெட்டு. அப்புறம் யோசிக்க நேரம் கிடையாது, செடிக்குள் புகுந்துவிட்டால் நரம்போடு போய்விடும், அதனால் இதற்கு மெல்லிய நரம்பு ஆகாது.

ஒரு கோடை மழை பெய்து விட்ட பிறகு, செம்மஞ்சள் நிறத்தில் விரால் குஞ்சுகள் ஒரு பந்தாகச் சுற்றிக்கொண்டு திரிவதைப் பார்க்கலாம். அடியில் தாயோ தகப்பனோ காவல் இருக்கும். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் பாய்ந்து கடிக்கும், பிடிப்பது ரொம்பச் சுலபம், அதனால்தான் பிடிக்கக் கூடாது என்கிறேன். காவலை எடுத்துவிட்டால் அந்தப் பந்து முழுக்க ஜிலேபிக் கெண்டைக்கும் கொக்குக்கும் போய்விடும்.

வெயில் ஏறி ஏழு மணிக்கு மேல் ஆனால் ஜிலேபி. முதல் தடவை வருகிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது. மொசாம்பிக் பக்கத்தைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தக் கெண்டையை 1952-ல் நம் நாட்டில் கொண்டுவந்து விட்டார்கள், இன்றைக்கு அது இல்லாத குட்டை கிடையாது. ஓரத்தில் ஆழம் குறைந்த மணலில் தட்டுத் தட்டாகப் பள்ளம் தெரிந்தால் அது ஆண் மீன் பறித்த கூடு. பெண் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும், அந்தச் சமயம் தின்னாது. அதனால் கூட்டுக்கு நேர் மேலே போட்டுக் காத்திருப்பதைவிட, சற்று வெளியே ஆழம் தொடங்கும் விளிம்பில் போடுவது பலன் தரும். 8, 10 நம்பர் சின்னத் தூண்டில் முள், மண்புழுவில் ஒரு துண்டு, முள்ளின் நுனி லேசாக வெளியே தெரியட்டும். முழுப் புழுவைத் தொங்கவிட்டால் வாலை மட்டும் கடித்துக்கொண்டு போகும், தக்கை ஆடிக்கொண்டே இருக்கும், நீங்கள் இழுத்துக்கொண்டே இருப்பீர்கள். தக்கைக்கு மயிலிறகுத் தண்டு போதும், கடையில் விற்கிற கலர் தக்கையைவிட அது உணர்ச்சி அதிகம்.

பத்து மணிக்கு மேல் மூட்டை கட்டுங்கள். அக்னி நட்சத்திர நேரத்தில் கரையில் உட்காருவது வீரம் ஒன்றும் இல்லை.

மறுபடி போக வேண்டியது கடல்காற்று திரும்பிய பிறகு. மே மாதத்தில் காலையிலிருந்து மேற்கேயிருந்து அனல்காற்று அடிக்கும், அது எவ்வளவு பலமாக அடிக்கிறதோ அவ்வளவு தாமதமாகத்தான் கடல்காற்று உள்ளே வரும். புழலுக்கு முதலில் வரும், உள்ளே தள்ளி இருக்கும் பூண்டிக்குப் பொழுது சாய்ந்துதான். கிழக்கேயிருந்து அடிக்கும்போது மேற்குக் கரையில் அலை மோதும். அலை தண்ணீரைக் கலக்கி ஆக்சிஜனையும் கொடுக்கும், மேலே மிதக்கிற பூச்சி, பாசி எல்லாவற்றையும் அந்தப் பக்கமே தள்ளும். எல்லாரும் காற்று முதுகில் படுகிற மாதிரி, வீசுவதற்கு வசதியான கரையில் உட்காருவார்கள். நீங்கள் காற்று முகத்தில் அடிக்கிற கரைக்குப் போங்கள். வீச்சு குறையும், தக்கை நிற்காது, ஈயத்தை ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். கட்லா மேல்தண்ணீர் மீன், அதன் வாய் மேல்நோக்கி இருப்பதைப் பார்த்தாலே தெரியும், அதற்குத் தரையில் இரை வைத்துப் பயனில்லை. ரோகு நடுத்தண்ணீர், மிர்கால் அடி. கடலைப் புண்ணாக்கும் தவிடும் பிசைந்து எலுமிச்சை அளவு உருண்டையாக நாலைந்து போட்டுவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள், நிறையப் போட்டால் வயிறு ரொம்பிப் போய்விடும், தின்னாமல் மிச்சமானது சூட்டில் அழுகி மீனையே விரட்டும். இருட்டுகிற நேரத்தில் அடியில் புழு வைத்தால் கெளுத்தி கிடைக்கும்.

இடம் பற்றி. பூண்டி என்பது 1944-ல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே கட்டிய அணை, நிறைந்தால் 3231 மில்லியன் கன அடி, ஆனால் மே மாதத்தில் அந்த எண்ணுக்கும் கண்ணில் படும் தண்ணீருக்கும் சம்பந்தம் இருக்காது. தண்ணீர் இறங்க இறங்க மீன் பழைய ஆற்றுத் தடத்துக்கும் கரையை ஒட்டிய ஆழத்துக்கும் ஒதுங்கும். ஆந்திராவில் இருக்கும் கண்டலேறு அணையிலிருந்து கிருஷ்ணா தண்ணீர் வந்துகொண்டிருந்தால் அது வந்து விழும் பக்கம் ஓட்டமும் ஆக்சிஜனும் இருக்கும், மீனும் அங்கே கூடும். மதகு பக்கம் மட்டும் போகவே வேண்டாம், எப்போது ஷட்டரைத் தூக்குவார்கள் என்று யாரும் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அதைவிட மோசம் சவுடு மண் எடுத்த பள்ளங்கள். மேலே முழங்கால் தண்ணீர் போலத் தெரியும், ஒரு அடி தள்ளிக் கால் வைத்தால் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். வெடித்துக் காய்ந்த வண்டலையும் நம்பாதீர்கள், அடியில் சேறு இடுப்பு வரை இழுக்கும். சிக்கிய முள்ளை எடுக்க இறங்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். பத்து ரூபாய் முள், அறுத்துவிடுங்கள். மேற்கே கறுத்து இடி கேட்டால் கார்பன் கழியை மடக்கி வைத்துவிட்டு காருக்கோ கட்டடத்துக்கோ போய்விடுங்கள், மரத்தடி வேண்டாம்.

பிடித்ததை என்ன செய்வது? விராலை ஈரச் சாக்கில் சுற்றி வைத்தாலே வீடு வரும்வரை உயிரோடு இருக்கும். ஜிலேபி, ரோகு அப்படி இல்லை, பிடித்த உடனே குடலை எடுத்து ஐஸ் பெட்டியில் போடுங்கள், இந்த வெயிலில் பையில் தொங்கவிட்டால் மதியத்துக்குள் நாறிவிடும். தேளி மீன் மாட்டினால் வெறுங்கையால் தொடாதீர்கள், பக்கவாட்டு முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி தணியும், வீக்கம் ஏறினால் டாக்டரிடம் போங்கள். கோடை ஏரி மீனில் சேற்று வாடை கொஞ்சம் தூக்கலாக இருக்கும். விராலைச் சாம்பலோ கல் உப்போ போட்டு வழவழப்புப் போகத் தேய்த்து, மற்றதைப் புளித்தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்துக் கழுவி, ஜிலேபி என்றால் வறுத்துவிடுங்கள். குழம்புக்கு விரால்.