குழந்தைகளோடு போனால் மேல்தளத்தில் தொடங்குங்கள்

வாஷிங்டனில் உள்ள ஆப்பிரிக்க அமெரிக்க வரலாறு, பண்பாட்டு தேசிய அருங்காட்சியகத்துக்கு (2016-ல் திறந்தது) அனுமதி இலவசம். ஆனாலும் நேரம் குறித்த சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

பெரும்பாலோர் முதலில் லிஃப்டில் தரைக்கு அடியில் உள்ள வரலாற்றுத் தளங்களுக்கு இறங்கி, அடிமை வணிகக் காலத்திலிருந்து மேலே ஏறி வருவார்கள். பெரியவர்களுக்கு அதுதான் சரியான வழி. சின்னக் குழந்தைகள் இருந்தால் நான் தலைகீழாகச் செய்வேன். நேராக நான்காம் தளம். ராக் அண்ட் ரோல் பாடகர் சக் பெர்ரியின் சிவப்பு கடிலாக் கார் அங்கேதான் இருக்கிறது. இசை, நடனம், நாடகம் என்று அந்தத் தளம் முழுக்கக் கலைதான். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை, அவர்கள் நம்மை இழுத்துக்கொண்டு போவார்கள். இரண்டாம் தளத்தில் தொட்டு, ஆடிப் பார்க்கவும் இடம் உண்டு.

கீழே போகும்போது எல்லாவற்றையும் பார்க்க வேண்டாம். நிறப்பிரிவினைக் காலத்து ரயில் பெட்டி ஒன்று போதும். வெள்ளையருக்கு விசாலமான இடம், கறுப்பினத்தவருக்கு இடுக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்குக்கூட விளக்கம் தேவைப்படாது. மனதை உலுக்கும் படங்களைச் சிவப்புக் கோட்டால் அடையாளம் காட்டியிருப்பார்கள். 1955-ல் 14 வயதில் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் சவப்பெட்டி உள்ள அறைக்குள் சிறுவர்களை அழைத்துப் போகாதீர்கள்.

அப்புறம், மேற்கூரையிலிருந்து நீர் கொட்டும் அமைதி மண்டபத்தில் கொஞ்சம் உட்காருங்கள். பிள்ளைகள் கேள்வி கேட்பது அங்கேதான்.