'மூன்லைட்' படத்தை வகுப்பறையில் திரையிட்டு உரையாடுவது எப்படி?

இனம், ஆண்மை, அடையாளம் ஆகியவற்றை ஒரே கதையை முன்வைத்துப் பேச விரும்பும் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கு, பேரி ஜென்கின்ஸ் இயக்கி 2016இல் வெளிவந்த 'மூன்லைட்' மிகப் பொருத்தமான படம். மயாமியின் லிபர்ட்டி சிட்டியில் வளரும் ஷைரோன் என்ற கறுப்பினச் சிறுவனின் வாழ்க்கை இதில் மூன்று பருவங்களாக விரிகிறது.

அமெரிக்காவில் இது 'ஆர்' சான்றிதழ் பெற்ற படம், அதாவது 17 வயதுக்குட்பட்டோர் பெற்றோர் அல்லது பெரியவர் துணையுடன் பார்க்க வேண்டியது. ஆகவே போதைப்பொருள், வன்முறை, பாலுறவு தொடர்பான காட்சிகள் உண்டு என்பதை மறைக்காமல் எழுதி, பெற்றோரின் கையொப்பத்தை முன்கூட்டியே பெறுங்கள். இலாப நோக்கற்ற பள்ளியில், பாடத்தின் பகுதியாக, முறைப்படி பெற்ற பிரதியை வகுப்பறையிலேயே காட்டுவதற்கு அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 110ஆம் பிரிவு இடமளிக்கிறது. மாலையில் ஊராரையும் அழைத்துத் திரையிடுவதானால் தனி உரிமம் வேண்டும்.

படம் 111 நிமிடம் ஓடும். ஒவ்வொரு பருவமும் முடியும் இடத்தில் நிறுத்தி, மூன்று நாள்களில் காட்டுவதே நல்லது.

முதல் நாள் உரையாடலுக்குச் சாப்பாட்டு மேசைக் காட்சி ஒன்றே போதும். மற்றச் சிறுவர்கள் தன்னை ஏசும், தன்பாலீர்ப்பினரை இழிவுபடுத்தும் சொல்லுக்கு ஷைரோன் பொருள் கேட்க, அவனுக்கு ஆதரவாக இருக்கும் ஹுவான் (நடிப்பு: மஹெர்ஷலா அலி) அவனைக் காயப்படுத்தாமல் பதில் சொல்கிறார். அடுத்து, போதைப்பொருள் விற்பவர் நீங்கள்தானா என்று அவன் கேட்கும்போது உண்மையை ஒப்புக்கொண்டு தலைகுனிகிறார். "இந்த மேசையில் ஹுவான் எந்த நொடியில் உங்களுக்கு வலிமையானவராகத் தெரிந்தார்?" என்று கேட்டுவிட்டு, மாணவர்கள் யோசிக்கும் வரை பொறுத்திருங்கள். அந்த மௌனத்தை உங்கள் விளக்கத்தால் நிரப்ப வேண்டாம். கடற்கரையில், கியூபாவிலும் கறுப்பினத்தவர் நிறையப் பேர் உண்டு என்று அவர் சொல்வதையும் நினைவூட்டினால், இனம் பற்றிய பேச்சு ஒரே நாட்டுக்குள் சுருங்காது.

வகுப்பிலுள்ள கறுப்பின மாணவரை நோக்கி, "உங்கள் பக்கத்தில் இப்படித்தானா?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள், ஒரு பிள்ளையை ஓர் இனத்துக்கே சாட்சியாக நிறுத்துவது கொடுமை. தன்பாலீர்ப்பு பற்றிய பேச்சிலும் கேள்விகள் திரையில் வருபவர்களைப் பற்றியே இருக்கட்டும். வாய்விட்டுக் கேட்கத் தயங்குபவர்கள் பெயரிடாமல் சீட்டில் எழுதித் தரலாம். அவற்றை முதலில் நீங்கள் மட்டும் படித்துப் பாருங்கள். மூன்று நாளும் பள்ளியின் உளவள ஆலோசகர் அருகில் இருப்பது அவசியம்.

கடைசி நாளில், தசை முறுக்கேறிய உடலும் பல்லில் தங்க உறையுமாக வரும் ஷைரோன், நண்பன் கெவின் சமைத்துப் பரிமாறியதும் அந்த உறையைக் கழற்றுவதைக் கவனிக்கச் சொல்லி, அதைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்.