பம்ப் ஏர் ரைபிள்: பெட்டியில் உள்ள வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள்

அமெரிக்காவில் அணில், முயல் வேட்டைக்காக விலை குறைந்த பம்ப் ஏர் ரைபிள் (சுடும் முன் கையால் பலமுறை பம்ப் செய்து காற்றை அடைக்கும் துப்பாக்கி) வாங்குவோர், பெட்டியில் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேகத்தை ஒதுக்கிவிட்டு, ஈயக் குண்டுக்குரிய வேகத்தை வினாடிக்கு இத்தனை அடி என்ற கணக்கில் தேடி எடுத்து, அதன் வர்க்கத்தைக் குண்டின் கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறிய அலகு) எடையால் பெருக்கி, 4,50,240-ஆல் வகுத்து, கிடைக்கும் அடி-பவுண்டு ஆற்றலைக் கொண்டே ரைபிள்களை ஒப்பிட வேண்டும்.

விளம்பர வேகம் பெரும்பாலும் எடை குறைந்த கலப்புலோகக் குண்டுக்கு உரியது. 5.2 கிரெயின் குண்டு வினாடிக்கு 800 அடி வேகத்தில் பாய்ந்தாலும் ஆற்றல் ஏறக்குறைய 7.4 அடி-பவுண்டுதான்; .22 காலிபரில் (குழலின் உள்விட்டம் 0.22 அங்குலம்) 14.3 கிரெயின் ஈயக் குண்டோ 600 அடி வேகத்திலேயே 11.4-ஐத் தொடுகிறது. இந்த ஆற்றல் முழு எண்ணிக்கையும் பம்ப் செய்தால்தான் வரும் என்பதால், கடையிலேயே கடைசி இரண்டு மூன்று இழுப்புகளை அடித்துப் பார்ப்பது நல்லது. கைக்குக் கடினமாவது அங்கேதான்.

தகர டப்பாவைச் சுடுவதற்கு இந்தக் கணக்கு தேவையில்லை. வேட்டைக்கான காலிபர், ஆற்றல் விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால் அவற்றை முதலில் பார்க்க வேண்டும். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி காட்டு முயல் வேட்டை குற்றமாகும். ரைபிள் எதுவானாலும் அதில் மாற்றமில்லை.