பயம் ஒரு பக்கம், ஓட்டை இன்னொரு பக்கம்: கணினியிலும் கைபேசியிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஜூனில் ‘1,600 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன’ என்று ஒரு செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் காலை ஆறு மணிக்கே வந்து விழுந்தது. சிங்கப்பூரில் சாங்கிப் பக்கம் ஓர் அலுவலகத்தில் கணினிப் பராமரிப்பு வேலை பார்ப்பவன் என்பதால் அன்று மட்டும் எனக்கு நாலு அழைப்பு. ஈசூனில் இருக்கும் மாமா மட்டும் அழைக்கவில்லை. அவர் காரியத்தையே முடித்துவிட்டார். இரவெல்லாம் கண் விழித்துப் பதினேழு கணக்குகளின் பாஸ்வேர்டையும் மாற்றியிருக்கிறார். பதினேழுக்கும் ஒரே புதிய பாஸ்வேர்டு.

அந்தச் செய்தி பொய் என்று சொல்ல முடியாது, புதிது என்றும் சொல்ல முடியாது. எந்தப் பெரிய நிறுவனத்தின் பூட்டும் அன்று உடைக்கப்படவில்லை. தனி ஆட்களின் கணினிகளில் புகுந்து பாஸ்வேர்டுகளைச் சுருட்டும் திருட்டு மென்பொருள்கள் பல காலமாகச் சேர்த்து வைத்த பட்டியல்களை ஒன்றாகக் கொட்டிய குவியல் அது. ஒரே பாஸ்வேர்டு பல முறை எண்ணப்பட்டிருக்கும். தலைப்பில் எண் பெரிதாக இருந்ததால் எல்லாரும் எண்ணைப் பார்த்துப் பயந்தார்கள்.

மாமா செய்ததுதான் உண்மையான ஆபத்து. எங்கோ ஒரு சின்ன இணையக் கடையிலிருந்து உங்கள் மின்னஞ்சலும் பாஸ்வேர்டும் கசிந்தால், திருடன் கையால் ஒன்றும் தட்டமாட்டான். ஒரு நிரலை ஓடவிட்டு அதே ஜோடியை ஜிமெயில், ஃபேஸ்புக், லசாடா என்று நூறு இடத்தில் போட்டுப் பார்ப்பான். பூப்போட்ட சட்டை விற்ற கடையின் கவனக்குறைவு உங்கள் மின்னஞ்சலைத் திறந்துவிடும். மின்னஞ்சல் திறந்துவிட்டால், ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்ற பொத்தானை வைத்து மற்றதையெல்லாம் திறந்துகொள்ளலாம்.

பிறந்த தேதியையும் ஐசி (அடையாள அட்டை) நம்பரின் கடைசி நாலு எழுத்தையும் சேர்த்து வைப்பது நம்மூருக்கே உரிய இன்னொரு பழக்கம். 2024 டிசம்பரில், நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான ஏக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் முழு ஐசி எண்ணும் தெரிகிறது என்று பெரிய சர்ச்சை எழுந்தது நினைவிருக்கலாம். அப்போது அரசாங்கம் தந்த விளக்கம் சிலருக்கு எரிச்சலைத் தந்தது, ஆனால் தொழில்நுட்ப ரீதியில் அது சரி. ஐசி எண் என்பது பெயர் மாதிரி. நீங்கள் யார் என்று சொல்லும், அது நீங்கள்தான் என்று நிரூபிக்காது. 2025 ஜூனில் நிறுவனங்களுக்கும், ஐசி எண்ணைப் பாஸ்வேர்டாகப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள் என்று அறிவுரை போனது. கிளினிக்கிலும் காண்டோ வாசலிலும் வருஷக்கணக்காக எழுதிக் கொடுத்த எண்ணில் என்ன ரகசியம் மிச்சம் இருக்கப்போகிறது?

தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று, பெரிய எழுத்து, எண், சின்னம் எல்லாம் இருக்க வேண்டும் என்று அலுவலகங்களில் படுத்துகிறார்களே, அதன் வேர் 2003இல் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் வெளியிட்ட ஒரு வழிகாட்டி. அதை எழுதிய பில் பர், 2017இல் தாம் எழுதியதில் பலவற்றுக்காக வருந்துவதாகச் சொன்னார். அதே ஆண்டு நிஸ்ட்டும் கட்டாய மாற்றம் வேண்டாம் என்று விதியைத் திருத்தியது. அவ்வப்போது மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசியில் இருக்கும் 1ஐ 2 ஆக்குவார்கள், அவ்வளவுதான். என் அலுவலகத்தில் ஒருவர் 31இல் நிற்கிறார்.

மாமாவுக்கு நான் சொன்னது இதுதான். கணக்குக்கு ஒரு பாஸ்வேர்டு வேண்டும், அத்தனையையும் நினைவில் வைத்துக்கொள்ளும் செயலியான பாஸ்வேர்டு மேனேஜர் பழகினால் நல்லது. முடியாதென்றால் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி அலமாரியில் வையுங்கள். ‘எழுதி வைக்கவே கூடாது என்பார்களே?’ என்றார். அலுவலக மேசையில் ஒட்டி வைக்கக் கூடாது, வீட்டு அலமாரி வேறு. உங்கள் பாஸ்வேர்டைத் தேடுபவன் வேறு ஏதோ நாட்டில் உட்கார்ந்திருக்கிறான். ஈசூனுக்கு வந்து லிஃப்ட் ஏறி ஒன்பதாம் மாடிக்கு வரமாட்டான்.

பூட்டுச் சின்னமும் கூட்டல் குறியும்

‘முகவரிக்குப் பக்கத்தில் பூட்டு இருந்தது தம்பி, அதனால்தான் நம்பினேன்.’ இதை நான் கேட்காத மாதம் இல்லை. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் போகும் பேச்சை மூன்றாம் ஆள் ஒட்டுக்கேட்க முடியாது, பூட்டுக்கு அர்த்தம் அது மட்டும்தான். எதிரில் இருப்பவன் யோக்கியனா என்று அது சொல்லாது. திருடனோடு கதவைச் சாத்திக்கொண்டு தனியறையில் பேசினாலும் பூட்டு பூட்டுதான். இந்தக் குழப்பத்தால்தான் கூகுள் 2023 செப்டம்பரில் குரோமிலிருந்து பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

குறுஞ்செய்தியின் கதை இன்னும் மோசம். 2021 டிசம்பரில் தொடங்கிய, ஓசிபிசி வங்கியின் பெயரில் நடந்த குறுஞ்செய்தி மோசடியில் சுமார் 790 வாடிக்கையாளர்கள் 1 கோடியே 37 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியை இழந்தார்கள். ஏமாந்தவர்களை முட்டாள்கள் என்று பேசியவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்கவில்லை. குறுஞ்செய்தியில் அனுப்புநர் பெயர் என்பது அப்போது யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளக் கூடிய வெறும் எழுத்து. வங்கியின் பெயரை மோசடிக்காரன் போட்டதும், கைபேசி அதை வங்கியின் உண்மையான பழைய செய்திகளுக்குக் கீழேயே அடுக்கிவிட்டது. மேலே பார்த்தால் போன மாதம் வந்த நிஜமான ஓடிபி. கீழே பொய். யாராக இருந்தாலும் தடுமாறுவார்கள்.

அதற்குப் பிறகு நிறைய மாறியது. வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி 31 முதல், பதிவு செய்யாத பெயர்களில் வரும் செய்திகள் ‘லைக்லி ஸ்கேம்’ என்ற முத்திரையோடு வருகின்றன. இப்போது புதிதாக ஒரு தவறு முளைத்திருக்கிறது: முத்திரை இல்லையென்றால் செய்தி உண்மை என்று நினைப்பது. வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் அந்த முத்திரை கிடையாது, மோசடிக்காரர்களும் அங்கேதான் குடிபோயிருக்கிறார்கள்.

அழைப்புகளில் ஒரு சின்ன அடையாளம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. 2020 ஏப்ரல் முதல் வெளிநாட்டிலிருந்து வரும் அழைப்புகளின் முன்னால் கூட்டல் குறி சேர்கிறது. உள்ளூர் அழைப்புக்கு அது வராது. ஆகவே +65 என்று வந்து ‘போலிஸ் பேசுகிறோம்’ என்றால், சிங்கப்பூர் எண்ணைப் போர்த்திக்கொண்டு வெளியிலிருந்து யாரோ பேசுகிறார்கள் என்று பொருள். பேசாமல் வையுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மோசடி பற்றிக் கேட்பதற்கான உதவி எண் 1799க்கு அழைத்துக் கேளுங்கள்.

2023இல் இன்னொரு அலை அடித்தது. ஃபேஸ்புக்கில் மலிவு விலை நண்டு, இறால், ஏர்கான் கழுவும் சேவை என்று விளம்பரம். முன்பதிவு செய்ய ஒரு செயலியை இறக்கச் சொல்வார்கள், பிளே ஸ்டோரிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பும் கோப்பாக. அது அணுகல்தன்மை அனுமதியைக் கேட்கும். அந்த ஒரு அனுமதியைக் கொடுத்துவிட்டால் நீங்கள் தட்டுவதை அது பார்க்கும், உங்களுக்குப் பதிலாக அதுவே தட்டவும் செய்யும். 2024 பிப்ரவரியில் கூகுள் இப்படிப்பட்ட செயலிகளைத் தானாகவே தடுக்கும் வசதியை உலகிலேயே முதலில் இங்கேதான் சோதித்துப் பார்த்தது. என்னிடம் வரும் கேள்வி என்ன தெரியுமா? ‘இந்த எச்சரிக்கை தொல்லையாக இருக்கிறது, எப்படி நிறுத்துவது?’

வைரஸ் தடுப்பு மென்பொருளுக்கு வருஷாவருஷம் பணம் கட்டுகிறவர்கள், வங்கிகள் 2023 நவம்பரில் இலவசமாகக் கொடுத்த பணப் பூட்டு வசதியைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. சேமிப்பில் ஒரு தொகையைப் பூட்டிவிட்டால், இணையம் வழியாக அதை யாராலும் மாற்ற முடியாது, உங்களாலும்தான். எனக்குத் தெரிந்து ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு இதைவிட உருப்படியான கணினிப் பாதுகாப்பு வேறில்லை.

அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் ரூட்டர்

செங்காங்கில் புது வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடு வாங்கிய நண்பன் ‘10 ஜிகாபிட் இணையம் போட்டும் படுக்கையறையில் யூடியூப் சுற்றுகிறதடா’ என்று புலம்பினான். போய்ப் பார்த்தேன். ரூட்டரைக் காணோம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பாம் ஷெல்டரின் இரும்புக் கதவைத் திறந்தால், அரிசி மூட்டைக்கும் முறுக்கு உரல் வைத்த டப்பாவுக்கும் நடுவில் விளக்குகள் மினுமினுக்க உட்கார்ந்திருக்கிறது.

கூடம் அசிங்கமாக இருக்கும் என்று உள்ளே தள்ளியிருக்கிறார்கள். குண்டு விழுந்தாலும் தாங்கும்படி கம்பி வைத்துக் கட்டிய தடித்த கான்கிரீட் சுவர், அதற்கு மேல் இரும்புக் கதவு. வைஃபைக்கு இதைவிட நல்ல சிறைச்சாலை கட்ட முடியாது. வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை சாதாரணச் சுவரையே சிரமப்பட்டுத்தான் கடக்கும். 2.4 சற்று தூரம் போகும், ஆனால் மெதுவானது, போதாக்குறைக்கு அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும் அதே அலையில்தான் நெருக்கியடிக்கின்றன. அந்தச் சுவரில் இஷ்டத்துக்குத் துளை போடவும் கூடாது. நீளமான ஒரு கேபிளைச் சுவரோரமாக ஓட்டி ரூட்டரைக் கூடத்தில் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில், திறந்த இடத்தில் வைத்தோம். பிரச்சினை தீர்ந்தது. அவன் மனைவிதான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

அப்புறம் அந்த 10 ஜிகாபிட். அவனுடைய மடிக்கணினியின் கேபிள் துளையே 1 ஜிகாபிட்டுக்கு மேல் வாங்காது. கைபேசி எதுவும் வைஃபையில் பத்தைத் தொடப்போவதில்லை. அரசாங்கம் நாடு முழுதும் 10 ஜிகாபிட் கட்டமைப்புக்கு 10 கோடி வெள்ளிவரை ஒதுக்கியது வருங்காலத்தை நினைத்து. அதற்காக இன்றைக்கே ஒவ்வொரு வீடும் அதை வாங்கியாக வேண்டும் என்றில்லை. குழாய் பெரிதாக இருந்து என்ன, வாளி சின்னது.

‘தினமும் அணைத்துவிட்டுத்தான் தூங்குகிறேன்’

அலுவலகத்தில் ஒரு அக்கா கணினி மெதுவாக இருக்கிறது என்று கூப்பிட்டார். ரீஸ்டார்ட் செய்தீர்களா என்றதும் கோபம் வந்துவிட்டது, தினமும் ஷட் டவுன் செய்கிறாராம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து, சிபியு பக்கத்தில் கீழே ‘அப் டைம்’ என்ற எண்ணைக் காட்டினேன். 23 நாள் என்றிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்தவை மூடப்படும், ஆனால் விண்டோஸின் மையப் பகுதி வட்டில் அப்படியே எழுதி வைக்கப்பட்டு, மறுநாள் அங்கிருந்தே எழுந்துகொள்ளும். சீக்கிரம் எழ அது உதவும். சிக்கியிருந்த கோளாறும் கூடவே எழுந்துவிடும். முழுசாகப் புதிதாகத் தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

இப்படிச் சில சில்லறை நம்பிக்கைகள் இருக்கின்றன, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கைபேசியில் செயலிகளை ஒவ்வொன்றாக மேலே தள்ளி மூடினால் பேட்டரி மிஞ்சாது, மறுபடி முதலிலிருந்து திறக்கக் கூடுதலாகத்தான் செலவாகும். இரவெல்லாம் சார்ஜில் கிடந்தால் பேட்டரி வெடிக்காது, நிரம்பியதும் கைபேசியே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியின் எதிரி சூடு, அதாவது நம்மூர் வெயிலில் கார் கண்ணாடிக்குக் கீழே விட்டுப்போவது. உலாவியின் இன்காக்னிட்டோ, அதாவது மறைநிலைச் சன்னல், உங்கள் வீட்டாரிடமிருந்து மறைக்கும், இணையச் சேவை நிறுவனத்திடமிருந்தும் தளங்களிடமிருந்தும் மறைக்காது. விமான நிலைய யூஎஸ்பி துளையில் தகவல் திருட்டு என்று 2023இல் எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் எச்சரித்த செய்தியை எல்லாரும் அனுப்பினார்கள். பயணி ஒருவர் அப்படி உண்மையிலேயே பறிகொடுத்ததாக உறுதியான வழக்கு எதையும் நான் பார்த்ததில்லை. சொந்த சார்ஜரை எடுத்துப் போங்கள், பேச்சு முடிந்தது.

‘எல்லாம் கிளவுடில் இருக்கிறது’

இதைக் கேட்கும்போதுதான் எனக்குப் பகீர் என்கிறது. கூகுள் ஃபோட்டோஸ் போன்றவை ஒத்திசைப்பவை. கைபேசியில் பேரப்பிள்ளை ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் அழியும், குப்பைத்தொட்டியில் கொஞ்ச நாள் கிடந்துவிட்டு முழுதாகப் போய்விடும். கண்ணாடியில் தெரிகிற உருவத்தை இன்னொரு பிரதி என்று நினைப்பது போன்றது இது. 2021 ஜூனிலிருந்து இலவசம் 15 ஜிபி மட்டுமே. அது நிரம்பிய அன்று புதிய படங்கள் ஏறுவது நின்றுவிடும், எச்சரிக்கை மின்னஞ்சலையும் யாரும் படிப்பதில்லை.

2024 ஆகஸ்டில் பள்ளிகளில் பயன்பட்ட மொபைல் கார்டியன் என்ற மேலாண்மைச் செயலியில் யாரோ அத்துமீறி நுழைந்ததில், 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த சுமார் 13,000 மாணவர்களின் கருவிகள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. தேர்வு நெருங்கும் நேரத்தில் குறிப்புகள் போன பிள்ளைகள் உண்டு. பிள்ளைகள் எந்தத் தப்பும் செய்யவில்லை, தவறான இணைப்பு எதையும் தட்டவில்லை. வேறொரு இடத்தில் தனிப் பிரதி வைத்திருந்தவர்கள் மட்டும் தப்பித்தார்கள். ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி மாதம் ஒருமுறை படங்களை நகலெடுத்து, உடனே கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றுவது முக்கியம், மாட்டியே இருந்தால் கணினிக்கு வந்தது அதற்கும் வரும்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14இல் ஆதரவு முடிந்தபோது இரண்டு விதமான தவறுகளையும் ஒரே வாரத்தில் பார்த்தேன். ஒருவர் நல்ல கணினியைத் தூக்கிப் போடக் கிளம்பினார். இன்னொருவர், ஓடுகிறதே, அப்புறம் என்ன என்றார். அது ஓடும், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகள் அடைபடாது. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நீட்டிக்க மைக்ரோசாஃப்ட் வழி வைத்தது, அமைப்புகளைக் கணக்கில் சேமித்தால் இலவசமாகவே.

ஜூரோங் வெஸ்டில் இருக்கும் அத்தைக்கு அதைப் பதிந்து கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கணினியைத் திறந்து பாஸ்வேர்டு கேட்டேன். மாமாவின் நோட்டுப் புத்தகக் கதையைக் கேட்டுத் தாமும் எழுதி வைத்துவிட்டதாகப் பெருமையாகச் சொல்லி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார். நேற்றைய தாளில் எழுதியிருக்கிறார். காலையில் எழுந்ததும் வழக்கம்போல அதைக் கிழித்துப் போட்டுவிட்டார்.