வினாநிரல் எழுதும் முன் ஐரிஸில் தேடுங்கள்

இரண்டாம் மொழி கற்றலில் ஆய்வு செய்பவர்கள், வினாநிரலைச் சொந்தமாக எழுத உட்காரும் முன் ஐரிஸ் (IRIS) என்ற இணையக் களஞ்சியத்தில் ஒருமுறை தேடிப் பாருங்கள். பிற ஆய்வாளர்கள் பயன்படுத்திய வினாநிரல், படச்சோதனை, ஒலிக்கோப்பு எனப் பலவற்றை அங்கே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே களத்தில் சோதித்த கருவி என்பதால் நிறைய வேலை மிச்சம். உங்கள் முடிவைப் பழைய ஆய்வோடு ஒப்பிடவும் முடியும். மூல ஆய்வைக் கட்டாயம் குறிப்பிடுங்கள்.

மொழிப் பின்னணிக் கேள்விகளை மட்டும் அப்படியே எடுக்காதீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் வீட்டில் தமிழ், கடையில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளையிடம் ‘உன் முதல் மொழி எது?’ என்று ஒரே ஒரு கட்டத்தை நீட்டினால் திணறிப்போகும். அந்தப் பகுதியை நீங்களே எழுதி, நாலைந்து பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் அச்சிடுங்கள்.