ஒளிவிழாவுக்கு உதவப் போகும் அம்மா அப்பாமாரே, இந்தத் தவறுகளை விடாதீர்கள்

மூன்றாம் தவணைப் பரீட்சை முடிந்ததும் வன்னிப் பள்ளிக்கூடங்களில் பரபரப்புத் தொடங்கிவிடும். ஒளிவிழா என்கிற பள்ளி நத்தார் விழா, பரிசளிப்பு, தரம் ஐந்துப் பிள்ளைகளின் பிரியாவிடை, முன்பள்ளிக் கலைவிழா எல்லாம் இரண்டு மூன்று கிழமைக்குள் வந்து நிற்கும். இந்த முறையும் தரம் ஒன்று, இரண்டு அம்மாமார் ஆர்வமாக ஓடித் திரிகிறார்கள், பார்க்கச் சந்தோசமாக இருக்கிறது. ஆனால் எங்கள் மூத்த பிள்ளைகளின் காலத்தில் பெற்றோர் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ அதே இடங்களில்தான் இவர்களும் கால் வைக்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பிந்தி வராதீர்கள், தண்ணீர்ப் போத்தல் கொடுத்துவிடுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ஒருவரும் மறுக்கவில்லை என்று உடுப்பை முடிவு செய்வது

இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும் விடயம் இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன்.

ரீச்சர் ஒரு நடனத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்வார். பெற்றோர் கூட்டத்தில் ஒரு அம்மா போனில் ஒரு படத்தைக் காட்டி, "எல்லாப் பிள்ளையளுக்கும் இப்பிடி ஒரே மாதிரித் தைப்பம், வடிவாயிருக்கும்" என்பார். ரோஸ் நிற நெட் துணி, வெள்ளிச் சரிகை, தலைக்குப் பட்டி, அதே நிறத்தில் சப்பாத்து. "ஆருக்கும் கஷ்டமெண்டால் சொல்லுங்கோ" என்றும் ஒரு சொல் கேட்பார். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் "என்னட்டைக் காசில்லை" என்று எந்தத் தாய் சொல்லுவாள்? அவள் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே துணிக்கடைக்குப் போய்விடுவார்கள்.

கார்த்திகையும் மார்கழியும் வன்னியில் கையில் காசு ஓடாத மாதங்கள் என்பதை யோசிக்க வேண்டாமா? காலபோக விதைப்புக்கும் பசளைக்கும் இருந்ததெல்லாம் வயலுக்குள் போயிருக்கும், அது திரும்பி வருவது தை மாசியில் அருவி வெட்டிய பிறகுதான். மழையால் கூலிவேலை இல்லை. முல்லைத்தீவுக் கரையோரத்தில் கடல் கொந்தளிக்கிற நாட்கள் அவை, தொழிலுக்குப் போக முடியாது. போருக்குப் பிறகு தாய் ஒருத்தியின் உழைப்பிலேயே ஓடும் வீடுகள் எங்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கின்றன. பல வீடுகளில் கிழமைக் கிழமை நுண்கடன் கட்ட வேண்டும். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களில் அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க வேண்டி வந்த அளவுக்கு அது பாரமாக இருந்தது. இந்த நிலையில்தான் ஒரு நாள் மேடைக்கு ஒரு உடுப்பு.

எனக்குத் தெரிந்த ஒரு தங்கச்சி, மகளுடைய தோட்டைக் கழற்றி அடைவு வைத்துத்தான் அந்தக் காசைக் கொடுத்தா. அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு விழா அன்று "காய்ச்சல்". தாய் வேறு என்ன சொல்லுவா? மூன்று வரிசையில் பழகிய ஆட்டம், ஒரு பிள்ளை குறைந்ததும் நடு வரிசை கோணலாகிவிட்டது, மற்றப் பிள்ளைகள் பக்கத்தில் கை நீட்டிப் பிடிக்க ஆள் இல்லாமல் முழித்தார்கள். வராத பிள்ளை அந்த ஆட்டத்தைப் பிறகும் பல நாள் கிணற்றடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்ததாம். தாயே பிறகு என்னிடம் சொன்னா.

உடுத்த பிள்ளைகளுக்காவது சுகமாக இருந்ததா என்றால் அதுவும் இல்லை. நெட் துணிக்கு உள்ளே துணி வைத்துத் தைக்கவில்லை, சரிகை கழுத்தடியில் அறுத்தது, பாட்டு நடக்க நடக்க ஒரு பிள்ளை ஒரு கையால் ஆடி மறு கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. அடுத்த வருடம் அந்த உடுப்பு ஒருவருக்கும் அளவில்லை.

இந்த நாட்டில் 1980 முதல் பாடநூல் இலவசம், 1993 முதல் சீருடைத் துணியும் இலவசம். எந்தப் பிள்ளையும் உடுப்பாலும் புத்தகத்தாலும் பின்னுக்கு நிற்கக் கூடாது என்று வருடம் முழுக்க அரசாங்கம் கொடுப்பதை, கடைசிக் கிழமையில் நாங்களே குழப்பிவிடுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? வீட்டில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள். ஒளிவிழாவில் சம்மனசுகளாக, அதாவது தேவதூதர்களாக, வரும் பிள்ளைகளுக்கு வெள்ளைதானே வேண்டும், பள்ளிச் சீருடையே வெள்ளை. பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி டிமை பேப்பர் ஒட்டினால் செட்டை. இடையருக்கு அப்பாவின் சாரமும் ஒரு சால்வையும், மூன்று ராசாக்களுக்கு அம்மாவின் பழைய சேலை. நடனத்துக்கு ஒரே நிறத்தில் இடுப்புப் பட்டி கட்டினாலே மேடையில் ஒரே மாதிரித் தெரியும்; ஒரு துணி வாங்கிக் கிழித்தால் எல்லாருக்கும் காணும். அப்படியும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக, பற்றுச்சீட்டோடு, பள்ளிக்கூடத்துக்கென்று வாங்குங்கள். விழா முடிந்ததும் தோய்த்து மடித்துப் பெட்டியில் வைத்தால் அடுத்த வருடப் பிள்ளைகளுக்கு உதவும்.

ஒரு பிள்ளையால் வாங்க முடியாது என்று தெரிந்தால் அந்தப் பொருள் ஒருவருக்கும் வேண்டாம். யாரால் முடியாது என்று வகுப்பு ரீச்சருக்குத் தெரியும், கூட்டத்துக்கு முதலே அவரிடம் தனியாகக் கேளுங்கள். வட்ஸ்அப் குழுவில் "அந்தப் பிள்ளையின்ரை காசை நான் கட்டுறன்" என்று எழுதாதீர்கள். நல்ல மனதோடுதான் எழுதுவீர்கள், தெரியும். ஆனால் அதை ஊரே வாசிக்கும், அந்தத் தாய் அதற்குப் பிறகு கூட்டத்துக்கே வரமாட்டா.

சாப்பாட்டில் விரதத்தை மறப்பது

வகுப்பு விருந்துக்குக் கோழி ரோல்ஸும் முட்டை போட்ட கேக்கும் கொண்டுவந்து இறக்குவார்கள். பிள்ளையார் பெருங்கதை விரதம் இருபத்தொரு நாளும் இந்தக் காலத்தில்தான் வரும், ஐயப்பனுக்கு மாலை போட்ட வீடுகளும் இருக்கும். வீட்டில் மச்சம் சமைக்காத பிள்ளைகள் ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு தின்பதா விடுவதா என்று ரீச்சரைப் பார்ப்பார்கள். முழுக்க மரக்கறியாகச் செய்துவிட்டால் பிரச்சினையே இல்லை: கடலை, உழுந்து வடை, மரக்கறி ரோல்ஸ், முட்டை போடாத கேக். கிறிஸ்தவப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் அதைச் சாப்பிடலாம்.

சிறுவர் சந்தையில் பிள்ளைக்குப் பதிலாக வியாபாரம் செய்வது

சில பள்ளிகளில் இதையும் வருடக் கடைசியில் வைப்பார்கள். பிள்ளைகள் காசு எண்ணவும் மிச்சம் கொடுக்கவும் பழகுவதற்காகத்தான் அந்தச் சந்தை. அம்மா பின்னால் நின்று கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளை பொருளை எடுத்து நீட்டுவதோடு சரி. நூறு ரூபாய்த் தாளை வாங்கிவிட்டு முப்பத்தைந்து ரூபாய்க் கீரைக்கு எவ்வளவு திருப்பிக் கொடுப்பது என்று அது விரல் மடித்து எண்ணட்டும், பிழைத்தால் வாங்க வந்தவர் சொல்லுவார். கடையில் வாங்கிய பிஸ்கட்டை விற்கக் கொடுத்துவிடாமல், வளவில் நிற்கும் முருங்கைக்கீரையோ பயிற்றங்காயோ கட்டிக் கொடுங்கள், பிள்ளையே பிடுங்கிக் கட்டினால் இன்னும் நல்லது. அப்புறம், உங்கள் பிள்ளையின் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்காதீர்கள். ஒன்றும் விற்காமல் இருக்கும் பிள்ளையைத் தேடிப் போய் வாங்குங்கள்.

மேடைக்குக் கீழே நின்று வசனம் சொல்லிக் கொடுப்பது

வேண்டாம். அதற்கு ரீச்சர் இருக்கிறார்.

மழை வராது என்று நம்புவது

மார்கழியில் வெளியில் மேடை போடுவது துணிச்சல் இல்லை, கவனயீனம். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் ஊர்கள் வெள்ளத்தில் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மண்டபம் இல்லாத பள்ளி என்றால் இரண்டு வகுப்பறைகளுக்கு நடுவில் இருக்கும் மறைப்பை எடுத்துவிட்டு உள்ளே நடத்துங்கள். ஒலிபெருக்கி வயரை ஈர நிலத்தில் ஓட விடாதீர்கள். கிறேப் பேப்பரால் சோடிப்பதானால் உள்ளே மட்டும். தூவானம் பட்டாலே சாயம் வடிந்து வெள்ளைச் சட்டை எல்லாம் சிவப்பாகிவிடும், பிறகு எத்தனை தரம் தோய்த்தாலும் போகாது.

படம் எடுப்பது

இருந்த கதிரையில் இருந்தபடி எடுங்கள். மற்றவர்களின் பிள்ளைகள் இருக்கும் படத்தைக் கேட்காமல் முகநூலில் போடாதீர்கள்.

ரீச்சருக்குப் பரிசு

காசு சேர்க்க வேண்டாம். பிள்ளை தன் கையால் கீறிய வாழ்த்து மடல் போதும்.

நிகழ்ச்சியை இருட்டும் வரை இழுப்பது

பிரதம விருந்தினர் வரவில்லை என்று பிள்ளைகளை உடுத்தபடி வெயிலிலும் பசியிலும் காக்க வைக்காதீர்கள், குறித்த நேரத்துக்குத் தொடங்கிவிடுங்கள், அவர் வந்ததும் நடுவில் வரவேற்கலாம். பெற்றோர் பக்கத்தில் ஒருவர் பேசினால் போதும். ஒட்டுசுட்டான், மாங்குளம், துணுக்காய்ப் பக்கக் காட்டோரக் கிராமங்களில் பொழுது சாய்ந்தால் யானை வீதிக்கு இறங்கும். பஸ் போகாத ஒழுங்கைகளுக்குள் சைக்கிளில் போகும் அம்மாமார் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றுமாகப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்குள் முடிக்கிற மாதிரி நிகழ்ச்சி நிரலைப் போடுங்கள். நேரம் இழுபட்டால் உரைகளை வெட்டுங்கள், பிள்ளைகளின் நிகழ்ச்சி ஒன்றையும் வெட்ட வேண்டாம். கதிரை அடுக்கவும் கூட்டவும் சைக்கிள் தூரம் குறைந்தவர்கள் நில்லுங்கள், தூரத்தில் இருந்து வந்தவர்களை முதலில் அனுப்பிவிடுங்கள்.